ஓடும் நீரைத் திரையில் ஓட விடுவது: ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்புக்கு அனிமேஷனும் வீடியோவும்

கணினியைத் திறப்பதற்கு முன் பாடத்திட்டத்தை எடுத்து, நடுவே ஒரு பென்சில் கோடு போடுங்கள். நேரம் போகப் போக உருவம் மாறுகிற பகுதிகள் ஒரு பக்கம், மாறாதவை மறுபக்கம். மானோமீட்டர் கணக்கு, மதகுக் கதவின் மேல் விழும் நீர் விசை, மிதக்கும் பொருளின் மெட்டாசென்டர் உயரம் ஆகியவற்றுக்குக் கரும்பலகையும் சாக்பீஸும் போதும். அங்கே மாணவர் கை வரைய வேண்டும், திரை குறுக்கே வரக் கூடாது. குழாய்க்குள் அடுக்கடுக்காகச் சீராகப் போகும் லாமினர் ஓட்டம் உடைந்து, கலங்கிச் சுழலும் டர்புலன்ட் ஓட்டம் ஆவது, கம்பிக்குப் பின்னால் சுழல்கள் மாறி மாறிக் கழன்று போவது, வால்வை மூடியதும் அழுத்த அலை குழாயில் போய்த் திரும்புவது போன்றவற்றைப் பலகையில் வரைய முடியாது. வரைந்தாலும் அது ஒரு நொடியின் படம்தான். கணினிக்கு இங்கேதான் வேலை. ஒரு செமஸ்டருக்கு இப்படி ஆறேழு படங்கள் சரியாகச் செய்தால் போதும். நாற்பது ஸ்லைடில் நாற்பது வீடியோ வைத்தால் எதுவுமே மனதில் தங்காது.

மூன்று படங்களை எப்படிச் செய்வது என்று கீழே விரிவாகச் சொல்கிறோம். பைத்தான் நிரல்மொழி, ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருள், ஒரு ஸ்மார்ட்ஃபோன் இருந்தால் எல்லாமே நடக்கும், காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம்.

ஸ்ட்ரீம்லைன், பாத்லைன், ஸ்ட்ரீக்லைன்

ஸ்ட்ரீம்லைன் ஒரு கணத்தில் ஓட்டம் போகும் திசையைக் காட்டும் கோடு, பாத்லைன் ஒரே துகள் கடந்து வந்த தடம், ஸ்ட்ரீக்லைன் ஒரே புள்ளி வழியே போன துகள்களை இணைக்கும் கோடு. இந்த மூன்றுக்கும் வரையறை கேட்டால் மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். மின்விசிறிக் காற்றில் நெளியும் ஊதுபத்திப் புகை இவற்றில் எது என்று கேட்டால் பாதிப் பேர் ஸ்ட்ரீம்லைன் என்பார்கள். அது ஸ்ட்ரீக்லைன். ஒரே முனையிலிருந்து வேறு வேறு நேரத்தில் புறப்பட்ட புகைத் துகள்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றனவோ, அந்த இடங்களை இணைக்கும் கோடு அது. ஓட்டம் நிலையாக இருந்தால் மூன்று கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும், வித்தியாசம் தெரியாது. எனவே நேரத்தோடு மாறும் ஓட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிக எளிய தேர்வு இது. கிடைத் திசைவேகம் எங்கும் எப்போதும் 1 மீட்டர்/நொடி. செங்குத்துத் திசைவேகம் எங்கும் ஒன்றே, ஆனால் நேரத்தோடு சைன் அலையாக மேலும் கீழும் ஆடுகிறது. வீச்சு 0.5 மீட்டர்/நொடி, அலைவுக் காலம் 2 நொடி. நேரப் படி 1/60 நொடி என்று வைத்து நொடிக்கு 30 ஃபிரேம் ஓட்டுங்கள். படம் பாதி வேகத்தில் ஓடும், கண்ணுக்கு அது இதமான வேகம். 4 நொடி ஓட்டத்துக்கு 240 ஃபிரேம், வீடியோ 8 நொடி.

நிரலில் ஒவ்வொரு ஃபிரேமிலும் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். தொடக்கப் புள்ளியில் ஒரு புதுத் துகளைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் எல்லாத் துகள்களையும் அந்த நேரத்தின் திசைவேகப்படி ஓர் அடி நகர்த்த வேண்டும். பிறகு பழைய துகளிலிருந்து புதிய துகள் வரை வரிசையாக இணைத்து நீலக் கோடு போட வேண்டும், அதுதான் ஸ்ட்ரீக்லைன். முதல் துகளை மட்டும் சிவப்பாக்கி, அது கடந்து வந்த இடங்களையெல்லாம் அழிக்காமல் வைத்தால் பாத்லைன் கிடைக்கும். பின்னணியில் அந்தக் கணத்தின் திசையில் சாம்பல் நிறக் கோடுகள் போட்டால் அவை ஸ்ட்ரீம்லைன்கள். பைத்தானில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப்பின் அனிமேஷன் வசதியில் இதெல்லாம் அறுபது வரிக்குள் முடிந்துவிடும்.

இப்போது 120ஆவது ஃபிரேமில், அதாவது ஓட்டத்தின் 2ஆவது நொடியில், படத்தை நிறுத்துங்கள். சாம்பல் கோடுகள் எல்லாம் கிடையாகப் படுத்திருக்கும். சிவப்புக் கோடு அச்சுக்கு மேலே ஒரு மேடாக எழுந்து, நடுவில் சுமார் 32 செ.மீ. உயரம் தொட்டு, மீண்டும் அச்சில் வந்து இறங்கியிருக்கும். நீலக் கோடு அதே அளவுக்கு அச்சுக்குக் கீழே பள்ளமாகத் தொங்கும். கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒரே ஓட்டம், ஒரே கணம், மூன்று வேறு கோடுகள். காரணத்தையும் மாணவரே சொல்லிவிடலாம்: முதல் துகள் புறப்பட்டபோது ஓட்டம் மேலே ஏறத் தொடங்கியது, 1 நொடி கழித்துப் புறப்பட்ட துகளுக்கு ஓட்டம் கீழே இறங்கத் தொடங்கியது. இந்த ஒரு ஃபிரேமை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் வரையறையை ஒப்பிக்கவே தேவையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. துகளை நகர்த்த எளிய ஆய்லர் முறையைப் பலரும் எழுதிவிடுவார்கள்: இப்போதைய இடம், கூட்டல் திசைவேகம் பெருக்கல் நேரப் படி. மேலே சொன்ன ஓட்டத்துக்கு அது பரவாயில்லை. சுழலுக்குப் போனால் குட்டு உடைந்துவிடும். நொடிக்கு ஒரு சுற்று சுற்றும் சுழலில் 1/30 நொடிப் படியில் ஆய்லர் முறையைப் போட்டால், ஒரே சுற்றில் துகளின் ஆரம் ஏறத்தாழ 1.9 மடங்காகிவிடும். வட்டமாகச் சுற்ற வேண்டிய துகள் வெளியே பறந்துகொண்டிருக்கும், மாணவரோ மையவிலக்கு விசை தள்ளுகிறது என்று தப்பாகக் குறித்துக்கொள்வார். நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையில் இதே படிக்குப் பிழை ஒரு சுற்றுக்கு 0.01 சதவீதத்துக்கும் கீழே. கூடுதலாக நாலைந்து வரிதான், சோம்பல் படாமல் எழுதிவிடுங்கள்.

வெஞ்சுரி

நடுவில் குறுகி மீண்டும் அகலும் குழாய்தான் வெஞ்சுரி. அதன் குறுகிய இடத்தில் அழுத்தம் கூடுமா குறையுமா என்று கேட்டால், வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று காட்டும் பெர்னூலி சமன்பாடு படித்த பிறகும் கூடும் என்றே பலரும் சொல்வார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பார்த்தவர்கள். விரலில் அழுத்தம் தெரிகிறது, தண்ணீர் சீறுகிறது. விரலில் தெரிவது அடைப்புக்கு முன்னால் இருக்கும் அழுத்தம், வெளியே சீறும் நீரில் இருப்பது வளிமண்டல அழுத்தம்தான். இதை அனிமேஷன் காட்டும் முன்பே பேசித் தீர்த்துவிட வேண்டும். தீர்க்காவிட்டால் திரையில் பார்ப்பதையும் பழைய அனுபவத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்துப் புரிந்துகொள்வார்கள்.

ஜியோஜீப்ராவில் ஒரு ஸ்லைடர் போதும், நீரோட்ட அளவுக்கு. குழாயின் விட்டம் 50 மி.மீ., தொண்டைப் பகுதி 25 மி.மீ. நொடிக்கு 1 லிட்டர் ஓடினால் குழாயில் திசைவேகம் 0.51 மீட்டர்/நொடி, தொண்டையில் 2.04 மீட்டர்/நொடி. உராய்வை விட்டுவிட்டால் இரண்டு இடத்துக்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு 19.8 செ.மீ. ஆக ஒரே ஒரு சூத்திரம்: செ.மீ. அளவில் மட்ட வேறுபாடு 19.83 பெருக்கல் லிட்டர் அளவின் வர்க்கம். குழாயின் மேல் இரண்டு செங்குத்துக் கண்ணாடிக் குழல்களை வரையுங்கள். முதல் குழலின் மட்டத்தை 100 செ.மீ. என்று நிறுத்தி, இரண்டாவதை அந்தச் சூத்திரத்தோடு இணையுங்கள். ஸ்லைடர் 0.2 முதல் 2.0 லிட்டர் வரை. 2.0இல் தொண்டையின் மட்டம் 20.7 செ.மீ. ஆக இறங்கும். ஸ்லைடரை 2.5 வரை விட்டால் மட்டம் குழாயின் மையத்துக்கும் கீழே போய்ப் படம் தலைகீழாகும். கணக்கு தப்பில்லை. அங்கே அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். உண்மையான குழலாக இருந்தால் காற்றை உள்ளே இழுக்கும். நேரம் இருக்கும் வகுப்பில் வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

1 லிட்டரில் நிறுத்தி, 2 லிட்டர் ஆக்கினால் வேறுபாடு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். 40 என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். திரையில் 79 வந்து நிற்கும். ஆய்வகத்தில் எடுத்த அளவு இதோடு ஒத்துப்போகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வெளியேற்றக் கெழு (உண்மையான ஓட்டத்துக்கும் கணக்கில் வரும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதம்) 0.98 என்றால் அதே 1 லிட்டருக்கு உண்மையான வேறுபாடு 20.6 செ.மீ. வரும்.

துகள்களை ஓட விட ஆசை வரும். விடலாம், ஆனால் கவனம் தேவை. உருண்டைக் குழாயில் விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்கு, வேகம் நாலு மடங்கு. திரையில் நாம் வரைவதோ குழாயின் நெடுக்குவெட்டு. அதில் அகலம் பாதியாகத்தான் சுருங்குகிறது. துகள்களை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டினால் தொண்டையில் துகள்களின் நெருக்கம் பாதியாகக் குறைந்து தெரியும். ‘தண்ணீர் அங்கே நீர்த்துப்போகிறதா சார்?’ என்று ஒரு நல்ல மாணவர் கட்டாயம் கேட்பார். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. நெடுக்குவெட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு இடத்தின் வட்ட வெட்டுமுகத்தையும் வரைந்து, பரப்பு கால்பங்காவதைக் காட்டலாம். அல்லது துகள் அனிமேஷனுக்கு மட்டும் ஒரே ஆழமுள்ள செவ்வக வாய்க்காலை எடுத்துக்கொள்ளலாம். அகலம் பாதி, வேகம் இரு மடங்கு, துகள் நெருக்கம் மாறாது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு இரண்டாவதே நல்லது.

சாயக்கோடு வீடியோ

குழாயில் ஓடும் நீரின் நடுவே சாயம் விட்டு, ஓட்டம் எப்போது கலங்குகிறது என்று பார்க்கும், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் வெளியிட்ட சோதனையை இன்றும் எல்லாக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்கிறோம். அறுபது பேர் ஒரு கண்ணாடிக் குழாயைச் சுற்றி நின்றால் முன் வரிசைக்கு மட்டுமே சாயம் தெரியும். அதை ஒருமுறை நன்றாகப் படம்பிடித்து வைத்தால் எல்லோரும் பார்க்கலாம். நேரில் செய்யும் சோதனையை அதற்காக நிறுத்திவிடக் கூடாது, படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆய்வகத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து வருவார்கள்.

உள்விட்டம் 20 மி.மீ. குழாய் என்று வைப்போம். நீரின் வெப்பநிலையை முதலில் அளந்துகொள்ளுங்கள். ரெனால்ட்ஸ் எண் என்பது திசைவேகம் பெருக்கல் விட்டம் வகுத்தல் இயக்கப் பாகுநிலை; குழாயில் அது சுமார் 2000ஐத் தாண்டினால் லாமினர் ஓட்டம் உடையத் தொடங்கும். 20 டிகிரியில் ரெனால்ட்ஸ் எண் 2000க்குத் திசைவேகம் 0.1 மீட்டர்/நொடி, நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சாதாரணமாக இருக்கும் 30 டிகிரியில் 0.08 போதும். பாகுநிலை அந்த 10 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 0.08 என்றால் நொடிக்கு 25 மில்லி, 1 லிட்டர் அளவுச் சாடி நிரம்ப 40 நொடி. பாடநூலில் உள்ள 20 டிகிரி மதிப்பை அப்படியே போட்டுக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண் குறைவாக வந்து, ஓட்டம் 2000க்கு முன்பே உடைந்ததாகப் படும்.

சாயத்துக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அதே தொட்டித் தண்ணீரில் வெளிறிய ஊதாவாகக் கரையுங்கள். அடர்த்தியாகக் கரைத்தால் சாயக்கோடு கனத்து அடியில் படிந்துவிடும். வேறு வெப்பநிலைத் தண்ணீரில் கரைத்தாலும் இதே கோளாறுதான், கோடு மிதக்கும் அல்லது மூழ்கும். ஊசியில் சாயம் வரும் வேகம் சுற்றியுள்ள நீரின் வேகத்தோடு பொருந்த வேண்டும். சாயம் வேகமாகப் பீறிட்டால் அது ஊசி முனையிலேயே நெளியும், அதைப் பார்த்து டர்புலன்ட் என்று எழுதிவிடுவார்கள். தொட்டியை நிரப்பிய பிறகு அரை மணி நேரமாவது அசையாமல் விடுங்கள். பம்ப் ஓடும் மேசையில் வைத்துச் செய்ய வேண்டாம்.

படம்பிடிக்கும்போது நாலு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பின்னொளி: குழாய்க்குப் பின்னால் டிரேசிங் தாள் அல்லது பால்வெள்ளை அக்ரிலிக் தகடு, அதற்குப் பின்னால் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். நொடிக்கு 240 ஃபிரேமில் எடுத்தால் அந்த மினுக்கல் படம் முழுக்கத் துடிக்கும். பேட்டரியில் எரியும் எல்இடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாயக்கோட்டுக்கு 60 ஃபிரேம் தாராளம்.

கண்ணாடி வளைவு: உருண்டைக் குழாய் உருப்பெருக்கிபோல வேலை செய்யும். நடுவில் ஓடும் மெல்லிய கோடு தடித்துத் தெரியும். குழாயைச் சுற்றி ஒரு செவ்வக அக்ரிலிக் பெட்டி ஒட்டி, அதில் தண்ணீர் நிரப்பினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் மறையும்.

ஃபோன்: முக்காலியில், குழாயின் மட்டத்தில், 1 மீட்டராவது தள்ளி வைத்துத் தேவைப்பட்டால் ஜூம் செய்யுங்கள். கிட்டே வைத்தால் ஓரங்களில் பார்வைக் கோணம் மாறிவிடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் சாயம் பரவும்போது ஃபோன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி, முக்கியமான கணத்தை வெளிறடித்துவிடும்.

அளவு: குழாயின் மேல் ஒரு ஸ்கேலை ஒட்டி, ஃபிரேமுக்குள் தெரியும்படி வையுங்கள். மாணவர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திச் சாயத்தின் முனை எத்தனை ஃபிரேமில் எத்தனை செ.மீ. நகர்ந்தது என்று தாங்களே அளக்கலாம்.

சாயக்கோடு நேராகப் போகிறது என்பதற்காகத் திசைவேகப் பரவல் பரவளையம் என்று அந்த வீடியோவின் மேல் எழுதிவிடாதீர்கள். 2000இல் ஓட்டம் முழுதாக வளர (திசைவேகப் பரவல் மேற்கொண்டு மாறாத நிலைக்கு வர) 0.06 பெருக்கல் 2000 பெருக்கல் விட்டம், அதாவது 2.4 மீட்டர் குழாய் வேண்டும். பெரும்பாலான ஆய்வகக் குழாய் அவ்வளவு நீளம் இருக்காது.

எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் மெல்லிய சாயக்கோடு சுருக்கத்தில் கரைந்து சதுரம் சதுரமாகிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

வகுப்பில் ஓட்டுவது

படத்தை ஓட்டுவதற்கு முன் நிறுத்திய முதல் ஃபிரேமைக் காட்டி, என்ன நடக்கும் என்று தாளில் எழுதச் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் முன் பெஞ்ச் சொல்வதையே எல்லோரும் சொல்வார்கள். எழுத 2 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேச 2 நிமிடம், பிறகு வந்த பதில்களை அ, ஆ, இ என்று பிரித்து, எதற்கு எத்தனை கை என்று எண்ணிப் பலகையில் போடுங்கள். அதன் பிறகே ஓட்டுங்கள். முதல் தடவை பேசாமல் ஓட்டுங்கள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். தப்பாக எழுதியவரைக் கொண்டே ஏன் அப்படி நினைத்தார் என்று சொல்ல வைத்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். எழுதாமல் பார்த்தவர்கள் பார்த்து முடித்ததும் ‘எனக்கு இது தெரியும்’ என்றே நினைப்பார்கள், அதுதான் பெரிய ஆபத்து. கடைசி 5 நிமிடத்தில் எண்ணை மாற்றி அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். வீடியோ பிடித்திருந்ததா என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை.

பேசும் மொழி தமிழாக இருக்கட்டும். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் படிக்கலாம், அந்த வகுப்பில் எழுத்தும் தமிழிலேயே வரும். ஆங்கிலவழி வகுப்பில் விளக்கம் தமிழிலும், படத்தின் மேல் எழுதும் பெயர்கள் தேர்வுத்தாளில் வரும் சொல்லாகவும் இருந்தால் போதும். பேசுவதையே வரிவரியாகத் திரையிலும் ஓட விடாதீர்கள். கண் எழுத்தைப் படிக்கப் போனால் துகள் எங்கே போனது என்று பார்க்காது. பெயரை அந்தந்தப் பொருளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

புரொஜெக்டரில் வெளிறிப்போகாமல் இருக்கக் கோட்டின் தடிமன் 4 பிக்சலாவது வேண்டும். மஞ்சளும் வெளிர்நீலமும் வெள்ளைப் பின்னணியில் காணாமல் போகும். கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். திசைவேகத்தை வண்ணத்தில் காட்டும்போது வானவில் வண்ணங்களைத் தவிர்த்து வெளிச்சம் சீராகக் கூடும் விரிடிஸ் போன்ற வண்ண வரிசையை எடுங்கள். வானவில்லில் மஞ்சள் பட்டை தனியாகத் துருத்தி, இல்லாத எல்லைக்கோடு இருப்பதாகக் காட்டும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது இன்னும் குழப்பம். ஜிஃப் கோப்பில் 256 வண்ணம்தான், அளவும் பெருக்கும், ஆகவே எம்பி4 ஆக்குங்கள். எல்லாக் கோப்பையும் பிரசன்டேஷன் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு, இணையமே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

கணித்தல் மென்பொருளும் பழைய படங்களும்

சிஎஃப்டி, அதாவது ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறை, காட்டுவதாக இருந்தால் ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் வரும் கேவிட்டி (மூடி நகரும் சதுரப் பெட்டி) பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். 0.1 மீட்டர் சதுரம், மேல் மூடி 1 மீட்டர்/நொடி, 20க்கு 20 கட்டம், நேரப் படி 0.005 நொடி, ரெனால்ட்ஸ் எண் 10. மாணவர்கள் முதலில் செய்வது கட்டத்தை 40க்கு 40 ஆக்குவதுதான். நேரப் படியை மாற்ற மறந்தால் கூரன்ட் எண் (ஒரு நேரப் படியில் ஓட்டம் எத்தனை கட்டம் தாண்டுகிறது என்பது) 1இலிருந்து 2 ஆகிக் கணக்கு வெடித்துவிடக்கூடும். வெடித்தால் அதை மறைக்க வேண்டாம், காட்டிவிட்டுப் படியைப் பாதியாக்கச் சொல்லுங்கள். பாகுநிலையை 0.01இலிருந்து 0.001 ஆக்கினால் ரெனால்ட்ஸ் எண் 100. அதற்கு 0.5 நொடி போதாது, 2 நொடி வரை ஓட்டுங்கள். நடு நிலைக்குத்துக் கோட்டில் எதிர்த்திசை வேகத்தின் உச்சம் மூடி வேகத்தில் 0.21 பங்கு வர வேண்டும். 1982இல் கியா, கியா, ஷின் மூவரும் வெளியிட்ட மதிப்பு அது. இந்த ஒப்பீடு இல்லாத வண்ணப் படத்தை வகுப்பில் காட்டாதீர்கள்.

கம்பிக்குப் பின் சுழல் காட்டும்போது கோப்பு எத்தனை நொடிக்கு ஒருமுறை சேமிக்கிறது என்று பாருங்கள். 5 மி.மீ. கம்பி, 20 டிகிரி நீர், 0.02 மீட்டர்/நொடி என்றால் ரெனால்ட்ஸ் எண் 100, சுழல் சுமார் 1.5 நொடிக்கு ஒரு சுற்று. சரியாக 1.5 நொடிக்கு ஒருமுறை சேமித்தால் படம் உறைந்து நிற்கும். 1.4க்குச் சேமித்தால் சுழல்கள் ஓட்டத்தை எதிர்த்து மெல்ல நீந்தும். 0.075 நொடிக்கு ஒன்று, ஒரு சுற்றுக்கு 20 படம் என்று வையுங்கள்.

நாமே எடுக்க முடியாதவற்றுக்கு 1960களில் எம்ஐடியின் ஆஷர் ஷபிரோ தலைமையில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கறுப்பு-வெள்ளைப் பாடப் படங்கள் இருக்கின்றன, எம்ஐடி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு உருளைகளுக்கு இடையே கிளிசரினில் இட்ட சாயப் பொட்டு, உருளையைச் சுற்றினால் கலைந்துபோய், திருப்பிச் சுற்றினால் மீண்டும் பொட்டாகக் கூடுவதை இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் அதில் காட்டுகிறார். முழுப் படத்தையும் ஓட்டாமல் அந்த இரண்டு மூன்று நிமிடத்தை மட்டும் எடுங்கள். திருப்பிச் சுற்றும் முன் நிறுத்தி, என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். பழைய ஃபிளாஷ் அனிமேஷன்கள் கைவசம் இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம், 2020 டிசம்பரோடு ஃபிளாஷ் ஆதரவு நின்றுவிட்டது.

கோப்புப் பெயரிலேயே எண்களை எழுதி வையுங்கள்: குழாய் விட்டம், வெப்பநிலை, நீரோட்ட அளவு, நொடிக்கு எத்தனை ஃபிரேம். அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் அதே வீடியோவை எடுத்து, மாணவர்களை ரெனால்ட்ஸ் எண் கணக்கிடச் சொல்ல அந்த நாலு எண்ணும் வேண்டும்.